சுகர் மீட்டர், சென்சார், இன்சுலின் பேனா: எந்தக் கோளாறுக்கு எங்க பாக்கணும்

மீட்டர் தப்பா காட்டுது, தோல்ல ஒட்டுற சென்சார் உளறுது, ஊசி போட்டும் சுகர் இறங்கலன்னு யார் கேட்டாலும் நான் முதல்ல திருப்பிக் கேக்கிறது இப்ப உடம்பு எப்படி இருக்குன்னுதான். அடுத்தது ஒரே ஒரு விதி. மெஷின் லோ காட்டினா உடனே நம்பிருங்க, ஹை காட்டினா இன்சுலின் போடுறதுக்கு முன்னாடி கை கழுவிட்டு இன்னொரு தடவை குத்திப் பாருங்க. பொய்யான லோவுக்கு கொஞ்சம் குளுக்கோஸ் சாப்பிட்டா பெருசா ஒண்ணும் ஆயிடாது, பொய்யான ஹைக்கு இன்சுலின் போட்டா உயிரே போகலாம். கீழ வர்ற எல்லாமே இதை வெச்சுத்தான்.

நம்பரெல்லாம் மி.கி./டெ.லி. கணக்கு. உங்க மீட்டர் மில்லிமோல்ல காட்டுதுன்னா இங்க இருக்கிற சுகர் நம்பரை 18-ஆல வகுத்துக்குங்க.

## மெஷினை அப்படியே வெச்சுட்டு ஆளைப் பாக்கவேண்டிய நேரம்

கை நடுக்கம், திடீர் வேர்வை, படபடப்பு, கண்ணு மங்குறது, சம்பந்தமில்லாம பேசுறது, காரணமே இல்லாம எரிஞ்சு விழுறது, இதுல எது இருந்தாலும் மீட்டர் வேலை செய்யலைன்னாலும் அதை லோன்னே வெச்சுக்கிட்டு 15 கிராம் குளுக்கோஸ் குடுங்க. சாக்லேட் வேண்டாம், அதுல இருக்கிற கொழுப்பு சர்க்கரை ஏறுறதை தாமதப்படுத்தும். அகார்போஸ், வோக்ளிபோஸ் மாத்திரை எடுக்கிறவங்களுக்கு சாதா சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸேதான் வேணும். 15 நிமிஷம் கழிச்சு பாருங்க, இன்னும் 70-க்குக் கீழன்னா இன்னொரு 15 கிராம். நினைவு இல்லாதவங்க, முழுங்க முடியாதவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, சுகரை ஏத்துற அவசர மருந்தான குளுகாகான் இருந்தா போட்டுட்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க.

இந்தப் பக்கம் சுகர் 250-க்கு மேல, கூடவே வாந்தி, வயித்து வலி, ஆழமா வேகமா மூச்சு, வாயில பழ வாசனைன்னா கீட்டோன் பாருங்க, இன்சுலின் பத்தாம உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்துல சேர்ற அமிலம் அது. ரத்தக் கீட்டோன் (இது மட்டும் மில்லிமோல் கணக்கு) 1.5-க்கு மேலன்னா அப்பவே டாக்டருக்கு போன், 3-க்கு மேலன்னா நேரா எமர்ஜென்சி. கீட்டோன் பாக்க வழியில்லைன்னா இந்த அறிகுறிகளே போதும், கிளம்பிருங்க. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை எடுக்கிறவங்களுக்கு சுகர் 250 தாண்டாமலே கீட்டோன் ஏறலாம், அதனால நம்பர் கம்மியா இருக்கேன்னு வாந்தியோட வீட்ல உக்காந்திருக்காதீங்க.

## ஒரே நேரத்துல ரெண்டு தடவை குத்தினா ரெண்டு நம்பர்

முதல்ல எவ்வளவு வித்தியாசம்னு பாருங்க. மீட்டருக்கான ஐஎஸ்ஓ 15197, 2013-ம் வருஷ அளவுகோல் படியே, சுகர் 100-க்கு மேல இருந்தா 15 சதவீதமும் 100-க்குக் கீழன்னா 15 பாயிண்டும் கூடவோ குறையவோ காட்டலாம், அதுவும் நூறு ரீடிங்ல 95 இந்த எல்லைக்குள்ள வந்தா போதும். நிஜமா 150 இருக்கிறவருக்கு 130-ம் சரி, 170-ம் சரி. இவ்வளவு வித்தியாசத்துக்கு மீட்டரை மாத்துறது வீண் செலவு. 160-ம் 290-மா வருதுன்னா கீழ சொல்ற வரிசையில பாருங்க.

கை. பழம் உரிச்ச விரல்ல, இனிப்பு தொட்ட விரல்ல, கிரீம் தடவின விரல்ல குத்தினா நம்பர் எகிறும். சானிடைசரும் ஸ்பிரிட் பஞ்சும் அந்தச் சர்க்கரையை ஒழுங்கா எடுக்காது, சோப்பும் தண்ணியும்தான் எடுக்கும், கழுவிட்டு ஈரம் போக நல்லா துடைக்கவும் வேணும், ஏன்னா ஈரம் ரத்தத்தைக் கரைச்சு நம்பரை மாத்திரும். தண்ணி கிடைக்காத இடமா இருந்தா முதல் சொட்டைத் துடைச்சுட்டு ரெண்டாவது சொட்டுல பாருங்க. கழுவினதும் நம்பர் ஒத்துப்போச்சுன்னா இதோட முடிஞ்சது, பெரும்பாலும் இங்கயே முடிஞ்சிரும்.

சொட்டு. விரல் நுனியைப் போட்டு பிழியாதீங்க. கையைக் கொஞ்ச நேரம் தொங்கப் போட்டுட்டு விரலோட பக்கவாட்டுல குத்தினா ரத்தம் தானா வரும், வலியும் கம்மி. ஸ்ட்ரிப்போட ஓரத்துல சொட்டை லேசா தொட்டா அதுவே உள்ள இழுத்துக்கும், அந்தச் சின்ன ஜன்னல் முழுசா சிவக்குதான்னு பாருங்க. பாதி சிவந்து நின்னா அந்த ஸ்ட்ரிப்பைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு எடுங்க, மேல இன்னொரு சொட்டு வைக்கலாம்னு உங்க மீட்டர் புத்தகத்துல சொல்லியிருந்தா மட்டும் வைங்க.

ஸ்ட்ரிப். டப்பாவை எடுத்து மூடியை அழுத்திப் பாருங்க, டக்குனு சத்தம் வரணும். அந்த டப்பாவுக்குள்ளயே ஈரத்தை உறிஞ்சுற பொருள் இருக்கு, அதனாலதான் ஸ்ட்ரிப்பை வேற டப்பாவுல கொட்டி வைக்கக் கூடாது, ரெண்டு டப்பாவுல மிச்சம் இருக்கிறதை ஒண்ணா சேர்க்கவும் கூடாது, ஈரக் கையால எடுக்கவும் கூடாது. பாத்ரூம், அடுப்படி, வெயில்ல நிக்கிற வண்டி மூணும் ஸ்ட்ரிப்புக்கு எமன். எக்ஸ்பைரி தேதியைப் பாருங்க, அது தவிர திறந்ததுல இருந்து இத்தனை மாசம்தான்னு சில டப்பாவுல தனியா போட்டிருக்கும், அதுக்குத்தான் திறந்த அன்னைக்கே பேனாவால தேதி எழுதச் சொல்றது. பழைய மாடல் மீட்டர்னா டப்பாவுல இருக்கிற கோட் நம்பரும் திரையில வர்ற நம்பரும் ஒண்ணா இருக்கான்னு பாத்துருங்க.

கன்ட்ரோல் சொல்யூஷன். இதை யாரும் வாங்கவே மாட்டேங்கிறாங்க, சந்தேகத்தைத் தீர்க்கிறதுக்கு வீட்லயே இருக்கிற ஒரே வழி இதுதான். ரத்தத்துக்குப் பதிலா இந்தத் திரவத்தை வெச்சா வர்ற நம்பர் ஸ்ட்ரிப் டப்பாவுல அச்சடிச்சிருக்கிற எல்லைக்குள்ள இருக்கணும். இருந்தா மீட்டரும் ஸ்ட்ரிப்பும் நல்லா இருக்கு, கோளாறு கையிலயோ சொட்டுலயோ. இல்லைன்னா புது ஸ்ட்ரிப் டப்பா, அதுலயும் வரலைன்னா மீட்டர் போச்சு, கம்பெனி உதவி எண்ணுக்கு போன் பண்ணுங்க. பாட்டிலைத் திறந்து 3 மாசத்துக்கு மேல ஆயிருந்தா பெரும்பாலும் அந்தத் திரவமே செல்லாது, லேபிளைப் பாத்துக்குங்க.

லேப்போட ஒப்பிடணும்னா வெறும் வயித்துல, ரத்தம் எடுக்கிற அதே சில நிமிஷத்துக்குள்ள குத்திப் பாருங்க. சாப்பிட்டதுக்கு அப்புறம்னா விரல் ரத்தத்துல நரம்பு ரத்தத்தை விட சுகர் கூடத்தான் இருக்கும். லேப் குழாய்ல ரத்தத்தை மணிக்கணக்கா அப்படியே விட்டு வெச்சா அதுலயும் சுகர் இறங்கிக்கிட்டே போகும், அதனால லேப் சொன்னா வேதம்னு எடுத்துக்க வேண்டியதில்ல.

டாக்டர்கிட்ட போகவேண்டியது எப்போன்னா: ரத்த சோகை இருந்தா மீட்டர் கூட்டிக் காட்டும், உடம்புல தண்ணி வத்திப்போயிருந்தா குறைச்சுக் காட்டலாம். வயித்து வழியா டயாலிசிஸ் பண்றவங்க, அதுல ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் போகுதுன்னா, சில வகை ஸ்ட்ரிப் அதையும் சுகர்னு எடுத்துக்கிட்டு ரொம்பவே கூட்டிக் காட்டும். அந்த நம்பரை நம்பி இன்சுலின் போட்டு உயிர் போனதாலதான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009-ல எச்சரிக்கை குடுத்துச்சு. உங்க மீட்டர் உங்களுக்கு ஒத்துவருமான்னு டயாலிசிஸ் டாக்டர்கிட்ட கேக்காம ஒரு நம்பரையும் நம்பாதீங்க.

## மீட்டர் ஆன் ஆகல, எரர் வருது, விசித்திரமா நம்பர் வருது

ஆனே ஆகலைன்னா பேட்டரி, நிறைய மீட்டர்ல சிஆர்2032 காயின் பேட்டரிதான், கூட்டல் பக்கம் எதுன்னு பாத்துப் போடுங்க. அதுக்கப்புறமும் ஆகலைன்னா ஸ்ட்ரிப் சொருகுற ஓட்டையில காஞ்ச ரத்தம் இருக்கான்னு பாருங்க, ஊசி விட்டுக் குடையாதீங்க. எரர்னு வந்தா பாதி சொட்டு, யூஸ் பண்ண ஸ்ட்ரிப், ரொம்பக் குளிர் இல்ல ரொம்பச் சூடு, இந்த வரிசையில பாருங்க, வெயில்ல இருந்து எடுத்த மீட்டரை கொஞ்ச நேரம் வீட்டுக்குள்ள வெச்சுட்டுப் பாத்தா சரியாயிரும்.

எப்பவும் 130 காட்டினது திடீர்னு 7.2ன்னு காட்டினா பதறாதீங்க, யூனிட் மாறியிருக்கு, 18-ஆல பெருக்கிப் பாருங்க. 'ஹை'ன்னு எழுத்துல வந்தா அது கோளாறு இல்ல, மீட்டர் அளக்கிற உச்சத்தையே தாண்டிருச்சுன்னு அர்த்தம், நிறைய மீட்டர்ல அந்த உச்சம் 600. கை கழுவி மறுபடியும் ஹைன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

## சென்சார் ஒண்ணு சொல்லுது, விரல் ஒண்ணு சொல்லுது

சென்சார் அளக்கிறது தோலுக்கு அடியில இருக்கிற நீர்ல, ரத்தத்துல இல்ல, அதனால சுகர் ஏறும்போதும் இறங்கும்போதும் 5 முதல் 15 நிமிஷம் பின்னாடிதான் வரும். சாப்பிட்ட உடனேயும் நடந்துட்டு வந்த உடனேயும் ரெண்டையும் ஒப்பிட்டு சண்டை போடாதீங்க, சுகர் எந்தப் பக்கம் போகுதுன்னு சென்சார் திரையில காட்டுற அம்புக்குறி நேரா படுத்திருக்கிறப்போ ஒப்பிடுங்க. முக்கியமா லோவுக்கு குளுக்கோஸ் சாப்பிட்டதுக்கு அப்புறம் சென்சார் இன்னும் கொஞ்ச நேரம் லோன்னே கத்திக்கிட்டு இருக்கும், அதைக் கேட்டுப் பயந்து மேல மேல சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல 300-ல போய் நிக்கிறவங்க நிறைய. அந்த 15-வது நிமிஷம் விரல்ல குத்திப் பாத்து முடிவு பண்ணுங்க.

முதல் நாள்னா: போட்ட முதல் 24 மணி நேரம் நம்பர் தடுமாறும், அன்னைக்கு எந்த ஊசியையும் விரலைக் குத்தாம போடாதீங்க.

ராத்திரி மட்டும் லோன்னா: எந்தப் பக்கம் படுக்கிறீங்கன்னு பாருங்க. சென்சார் மேல உடம்பு வெயிட் விழுந்தா அந்த இடத்துல ஓட்டம் கம்மியாகி பொய்யான லோ வரும், கிராஃப்ல திடீர்னு பள்ளமா விழுந்து புரண்டு படுத்ததும் அதே வேகத்துல மேல வந்திருக்கும். அலாரம் அடிச்சா எழுந்து உக்காந்து விரல்ல பாருங்க, பாக்க முடியலைன்னா லோன்னே வெச்சு சாப்பிட்டுருங்க. இது அடிக்கடி நடந்தா அடுத்த சென்சாரை மத்த கையில போடுங்க. ஆனா பொய் அலாரம்னு சொல்லி ராத்திரி அலாரத்தை மட்டும் அணைச்சுடாதீங்க.

புதுசா மருந்து எடுக்கிறீங்கன்னா: ஃப்ரீஸ்டைல் லிப்ரே 2-ல நாளைக்கு 500 மி.கி.க்கு மேல வைட்டமின் சி எடுத்தா கூட்டிக் காட்டலாம், டெக்ஸ்காம் ஜி6-ல 6 மணி நேரத்துக்கு 1 கிராமுக்கு மேல பாராசிட்டமால் போனா அதே கதை, ஹைட்ராக்ஸியூரியா எடுக்கிறவங்க டெக்ஸ்காம் ரீடிங்கை நம்பக் கூடாது. பொய்யான ஹை வர்ற இடம் இது, முதல்ல சொன்ன விதி இங்க ரொம்ப முக்கியம்.

இது எதுவுமே இல்லாம, சுகர் நிலையா இருக்கிற நேரத்துல ரெண்டு மூணு தடவை 20 சதவீதத்துக்கு மேல இடிச்சா சென்சாரே சரியில்ல, கம்பெனிக்குச் சொல்லி மாத்திக்குங்க.

## சென்சார் சிக்னல் போகுது, கழண்டு விழுது

போனை கிட்ட கொண்டுவாங்க, மாடலைப் பொறுத்து 6 முதல் 10 மீட்டர் வரைக்கும்தான் எட்டும், நடுவுல உங்க உடம்பே மறைச்சாலும் போயிரும். அடுத்தது போன்ல பேட்டரி சேவர், நிறைய போன் சார்ஜை மிச்சம் பிடிக்கிறதுக்காக பின்னாடி ஓடுற ஆப்பையெல்லாம் அணைச்சுரும், சென்சார் ஆப்புக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்து விடுங்க. போன் சாஃப்ட்வேர் தானா அப்டேட் ஆகுறதை நிறுத்தி வைங்க, ஆப் அந்தப் புது வெர்ஷனுக்கு ஒத்துவருமான்னு பாத்துட்டு அப்புறம் பண்ணலாம். அப்டேட் ஆனதும் அலாரம் சத்தமில்லாம போற கேஸ் நிஜமாவே உண்டு. ஆப்பை அழிச்சுட்டு மறுபடி போடுறது கடைசி வழி, சில சென்சார் அதுக்கப்புறம் சேரவே சேராது.

ஒட்டல் நிக்கலைன்னா, போடுறதுக்கு முன்னாடி மாய்ஸ்சரைசர் கலந்த சோப்பு, எண்ணெய் எதுவும் அங்க படக்கூடாது, தோல் முழுசா காஞ்சிருக்கணும். அரிப்பு, கொப்புளம், பட்டை அளவுக்கே சிவந்து போறதுன்னா பசை அலர்ஜி, தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க. கழண்டு விழுந்த சென்சாரைத் தூக்கி எறியாதீங்க, கம்பெனி சீரியல் நம்பர் கேக்கும், சில நேரம் திருப்பி அனுப்பவும் சொல்லும்.

## இன்சுலின் போட்டும் சுகர் இறங்கல

இதுலதான் ஜனங்க டோஸை ஏத்திக்கிட்டே போறாங்க, அதுதான் எனக்கு ரொம்பக் கவலை. மருந்து உள்ள போகவே இல்லைன்னா டோஸை ஏத்தி என்ன பிரயோஜனம், அப்புறம் ஒரு நாள் ஒழுங்கா உள்ள போச்சுன்னா ஏத்தி வெச்ச மொத்த டோஸும் சேர்ந்து ஆளைச் சாய்ச்சுரும். இன்னொண்ணு, சாப்பாட்டு இன்சுலின் நாலு மணி நேரம் போல உடம்புல வேலை செய்யும், இறங்கலைன்னு ஒரு மணி நேரத்துலயே இன்னொரு ஊசி மேல போடாதீங்க.

ஊசி முனையைப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் புது ஊசி மாட்டி, 2 யூனிட் வெச்சு பேனாவை நிமித்திப் பிடிச்சு அமுக்கினா முனையில சொட்டு வரணும். வரலைன்னா மறுபடி 2, அப்பவும் வரலைன்னா ஊசியை மாத்துங்க. குத்தி பட்டனை முழுசா அமுக்கின பிறகு பத்து வரைக்கும் எண்ணிட்டு எடுங்க. எடுத்ததும் ஊசி முனையில இருந்து மருந்து சொட்டிக்கிட்டே இருந்தா சீக்கிரம் எடுத்துட்டீங்க, உங்களுக்குப் போகவேண்டிய யூனிட்தான் அது, அதை ஈடு கட்டுறேன்னு மறுபடி போடாதீங்க, சுகரை அடிக்கடி பாத்துக்குங்க. ஊசியை பேனாவுலயே மாட்டி வெச்சா காத்து உள்ள போகும், மருந்தும் கசியும்.

கட்டி. சோப்பு நுரை போட்ட விரலால வழக்கமா ஊசி போடுற இடத்தை மெதுவா வழிச்சுப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாத தடிப்பு கூட கைக்குத் தட்டும், ரப்பர் மாதிரி இருக்கும். அங்க வலிக்காதுன்னு அதே இடத்துலயே போடுறவங்க ஜாஸ்தி, ஆனா மருந்து அங்க ஏறுறது ஒரு நாள் ஒரு மாதிரி இருக்கும். அந்த இடத்தை மாசக்கணக்கா விட்டுருங்க, புது இடத்துல போன தடவை போட்ட இடத்துல இருந்து ஒரு சென்டிமீட்டராவது தள்ளிப் போடுங்க. இங்க ஒரு எச்சரிக்கை, கட்டியில போட்டுக்கிட்டிருந்த அதே டோஸை நல்ல தோல்ல போட்டா லோ ஆகும், அதனால இடம் மாத்துறதுக்கு முன்னாடி டோஸைக் குறைக்கணுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு மாத்துங்க.

மருந்து. வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. தெளிவா இருக்கவேண்டியது கலங்கியிருந்தா, துகள் இருந்தா, தூக்கிப் போடுங்க. பால் மாதிரி இருக்கிற வகைன்னா உள்ளங்கையில 10 தடவை உருட்டி 10 தடவை தலைகீழா கவுத்துட்டு ஒரே வெள்ளையா வருதான்னு பாருங்க, கட்டியா ஒட்டிக்கிட்டு நின்னா அதுவும் போச்சு. திறக்காதது ஃபிரிட்ஜ்ல 2 முதல் 8 டிகிரியில, ஃப்ரீசர் பக்கத்துல ஒட்டாம. ஒரு தடவை உறைஞ்சதுன்னா இளகினாலும் யூஸ் பண்ணாதீங்க. திறந்தது பெரும்பாலான வகைக்கு 28 நாள், சிலது 42, 56 கூட போகும், உங்க அட்டைப்பெட்டியில இருக்கிறதுதான் கணக்கு. சூடுல கெட்ட மருந்து பாக்க நல்லாவே இருக்கும், அதனால சந்தேகம் வந்தா புது பேனா திறந்து பாக்கிறதுதான் வழி.

குப்பியும் சிரிஞ்சும்னா இன்னொரு கண்டம் இருக்கு. யு-40 குப்பி (மில்லிக்கு 40 யூனிட்), யு-100 குப்பி (மில்லிக்கு 100 யூனிட்)ன்னு ரெண்டு அடர்த்தி புழங்குற இடங்கள்ல குப்பியில இருக்கிற அதே நம்பர் சிரிஞ்சிலயும் இருக்கணும். யு-40 மருந்தை யு-100 சிரிஞ்சில எடுத்தா பாதியை விடக் கம்மியாத்தான் போகும், மாத்தி எடுத்தா ரெண்டரை மடங்கு போகும். ஒவ்வொரு புதுப் பாக்கெட்டுக்கும் பாருங்க.

இதெல்லாம் சரியா இருந்தும் ரெண்டு மூணு நாளா இறங்கலைன்னா காய்ச்சல், பல்லு வலி, சிறுநீர்ல எரிச்சல், கால்ல புண்ணு, புதுசா ஆரம்பிச்ச ஸ்டீராய்டு, இதுல எதுவோ ஒண்ணு இருக்கும், டாக்டரைப் பாருங்க.

## பம்ப் போட்டிருக்கீங்க, சுகர் திடீர்னு ஏறிக்கிட்டே போகுது

இதுக்குப் பொறுமை காட்டக் கூடாது. பம்ப்ல மெதுவா வேலை செய்யிற இன்சுலினே கிடையாது, குழாய் அடைச்சா சில மணி நேரத்துலயே கீட்டோன் ஏற ஆரம்பிக்கும். இணைப்பு லூசா, குழாய்ல காத்துக் குமிழியா, ஒட்டின இடம் ஈரமா இருந்து இன்சுலின் வாசனை அடிக்குதா, தோலுக்குள்ள போற சின்னக் குழாயான கானுலா மடங்கியிருக்கான்னு பாருங்க. கசிவுக்கு அலாரம் அடிக்காது, அடைப்புக்குத்தான் அடிக்கும், அதுவும் லேட்டா. ஏறின சுகரை இறக்க பம்ப்ல ஒரு திருத்த டோஸ் குடுத்து ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல அசையலைன்னா அடுத்த டோஸை பேனாவுலயோ சிரிஞ்சிலயோ போட்டுட்டு குழாய், கானுலான்னு செட் முழுசையும் புது இடத்துல மாத்துங்க. கீட்டோனும் பாருங்க, மேல சொன்ன அளவுதான். பம்ப் போட்டவங்க வீட்ல பேனா இல்லாம இருக்கவே கூடாது.

## மீட்டர்ல எல்லாம் நல்லா இருக்கு, மூணு மாச ரிப்போர்ட் மட்டும் ஏத்தம்

மூணு மாச சராசரியைச் சொல்ற ஹெச்பிஏ1சி டெஸ்ட்ல 7 சதவீதம்னா சராசரி சுகர் 154 போல. உங்க மீட்டர் சராசரி 120, ரிப்போர்ட் 8-ன்னா முதல்ல நீங்க எந்த நேரத்துல குத்துறீங்கன்னு பாருங்க, காலையில வெறும் வயித்துல மட்டும் பாக்கிறவங்களுக்கு சாப்பிட்ட பிறகு ஏறுறது தெரியவே தெரியாது. ஒரு வாரம் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சும் பாருங்க. அப்பவும் ஒத்துவரலைன்னா ரத்தத்தைப் பாக்கணும், இரும்புச்சத்து கம்மின்னா ரிப்போர்ட் கூட்டிக் காட்டும், சமீபத்துல ரத்தம் போயிருந்தாலோ ஏத்தியிருந்தாலோ குறைச்சுக் காட்டலாம், ஹீமோகுளோபின் வகையே வேறயா இருந்தாலும் மாறும். இது டாக்டர் வேலை, மீட்டர் நோட்டையும் எடுத்துட்டுப் போங்க.

## ஸ்ட்ரிப் தீரப்போகுது, இன்சுலின் வந்து சேரல

ஒரு கம்பெனி ஸ்ட்ரிப் இன்னொரு கம்பெனி மீட்டருக்கு ஆகாது, அதனால சில நேரம் ஸ்ட்ரிப்போட சேர்த்து வேற மீட்டரே வாங்குறது சுலபம். கையில கொஞ்சம்தான் இருக்குன்னா லோ மாதிரி தோணும்போது, வண்டி ஓட்டுறதுக்கு முன்னாடி, படுக்கப் போறதுக்கு முன்னாடி, இந்த மூணுக்கும் ஒதுக்கி வைங்க. லான்செட்டையும் பேனாவையும் வீட்ல இன்னொருத்தரோட பகிர்ந்துக்காதீங்க, ஊசியை மாத்தினாலும் பேனாவைப் பகிரக் கூடாது.

இன்சுலின் வேற பிராண்டுதான் கிடைக்குதுன்னா அதே யூனிட்டை அப்படியே போடலாமான்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க, பேர் ஒண்ணு போல இருந்தாலும் வேலை செய்யிற நேரம் வேறயா இருக்கலாம். உடம்புல இன்சுலின் சுரக்காத டைப் 1 காரங்களுக்கு கையில இன்சுலினே இல்லைங்கிற நிலை வந்தா அது எமர்ஜென்சி. ஆர்டர் நாளைக்கு வந்துரும்னு காத்திருக்காதீங்க, சாப்பிடாம இருந்தா சமாளிச்சுரலாம்னும் நினைக்காதீங்க, காலி பேனாவையும் சீட்டையும் எடுத்துக்கிட்டு பக்கத்துல இருக்கிற எமர்ஜென்சிக்கு அன்னைக்கே போயிருங்க.